துடைக்கக் கூடாத துப்பாக்கி

“விடுங்கப்பா! ஐயோ, விடுங்க!”

மகள் துணியைப் பிடுங்கினாள். அப்பா விடவில்லை. இழுத்த இழுப்பில் அம்மாவின் வேலை மேசைமேல் இருந்த பித்தளை பாலிஷ் டப்பா கவிழ்ந்தது. பக்கத்தில் இருநூறு வருடத்துக் கைத்துப்பாக்கி ஒன்று கிடந்தது. அதன் குழல் பாதி பழுப்பாகவும், பாதி புது ஸ்பூன் மாதிரி பளபளவென்றும் இருந்தது.

“உங்கம்மா பாதி வேலையில விட்டுட்டுப் போயிட்டாளேம்மா. முடிச்சுக் குடுக்கலாம்னுதான்...”

“முடிச்சுட்டீங்க. நல்லா முடிச்சுட்டீங்க!”

அடுத்த ஹாலில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். வந்தவர்கள் உட்கார நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

பழைய துப்பாக்கிகளைப் பார்த்து, அசலா போலியா என்று அருங்காட்சியகத்துக்குச் சொல்வதுதான் நாற்பது வருடமாக அம்மாவின் தொழில். அப்பா பஸ் ஓட்டியவர். கையில் துணி கிடைத்துவிட்டால் மனுஷனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. குழாய், பூட்டு, கதவுக் கைப்பிடி எதுவும் தப்பாது. அம்மாவின் மேசையை மட்டும் தொடக் கூடாது. “அந்தப் பழுப்பு அழுக்கு இல்லைங்க, அதோட வயசு. துடைச்சா திரும்ப வராது” என்று அவரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் துப்பாக்கிதான் அவளுடைய கடைசிச் சண்டை. அசல்தான், வாங்கலாம் என்று நிபுணர் குழுவே சொல்லிவிட்டது. அம்மா ஒருத்தி மட்டும் போலி என்றாள். “மேடத்துக்குக் கண்ணு போயிடுச்சு” என்று அருங்காட்சியக இயக்குநர் கூட்டத்திலேயே சிரித்தாராம். நிரூபிக்க ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்தாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

இயக்குநரைக் குறை சொல்லி என்ன, பெற்ற மகளே அதைத்தான் சொன்னாள். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் அவள். மூன்று நாள் முன்னால் அம்மாவின் கண்ணைச் சோதித்துவிட்டு, “பார்வை குறைஞ்சிருக்கும்மா. வீம்பு பிடிக்காம விட்டுக் குடுத்துடு” என்றாள். அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வாசலில் கார் நின்றது. இயக்குநர் பூங்கொத்தை அம்மாவின் காலடியில் வைத்துவிட்டு, தயங்கித் தயங்கி உள்ளறைக்கு வந்தார்.

“இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. ஆனா அந்தத் துப்பாக்கிக்கு நான்தான் பொறுப்பு...”

மறைத்துவிடலாமா என்று மகளுக்கு ஒரு கணம் தோன்றியது. வெளியே தெரிந்தால் அம்மாவின் நாற்பது வருடப் பெயர் ஒரே நாளில் நாறிவிடும். ஆனாலும் அந்த மேசை முன்னால் நின்றுகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

“அப்பா தெரியாம துடைச்சுட்டாரு சார்.”

இயக்குநரின் முகம் வெளுத்தது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

“நாப்பது வருஷமா தொடாதவரு, இன்னைக்கு எதுக்குப்பா தொட்டீங்க?”

“தொட்டா திட்டுவாள்ல,” என்றார் அப்பா. “எந்திரிச்சு வந்து ஒரு வார்த்தை திட்டிட மாட்டாளான்னு பார்த்தேன்.”

காலையிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போது பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்பாவின் கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். விரலெல்லாம் பழுப்பு. கீழே கிடந்த துணியும், ஷூவைத் துடைத்தெடுத்தது போல, திட்டுத்திட்டாகப் பழுப்பு. அவள் நிமிர்ந்தாள்.

“எவ்வளவு நேரம் துடைச்சீங்க?”

“ரெண்டு நிமிஷம் இருக்கும். அதுக்குள்ளதான் நீ வந்துட்டியே.”

இருநூறு வருடத்து வயசு இரண்டு நிமிடத்தில் துணிக்கு வந்துவிடுமா? அம்மாவின் குறிப்பேட்டைப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில், பார்வை குறைந்தவர்கள் எழுதும் பெரிய பெரிய எழுத்தில் இருந்தது:

‘கண்ணுக்குப் பழசு. விரலுக்குப் புதுசு. நிஜத் துரு இரும்பைத் தின்று குழி விட்டிருக்கும். இது வழுக்குகிறது. மேலே பூசியிருக்கிறார்கள். துடைத்தால் தெரிந்துவிடும். ஆனால் நான் சொல்வது தப்பாக இருந்தால்? துடைக்க மாட்டேன்.’

“சார், அந்தப் பளபளப்பை லென்ஸ் வச்சுப் பாருங்க.”

இயக்குநர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். பழுப்பு போன இடத்தில் குழி ஒன்றுகூட இல்லை. இயந்திரம் இழைத்த கோடுகள் ஒரே சீராக ஓடின. குழலின் அடியில், அரத்தால் ராவி அழித்த தொழிற்சாலை எண்ணின் தடம் தெரிந்தது.

“அடப்பாவிங்களா,” என்றார். பிறகு மகளைப் பார்த்தார். “கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொன்னேன். அதே கூட்டத்துல மன்னிப்புக் கேக்குறேம்மா.”

“கண்ணு குறைஞ்சது நிஜம்தான் சார். நான்தான் சோதிச்சேன். அம்மா விரலால பார்த்திருக்காங்க. அது எனக்குத் தெரியாம போச்சு.”

துப்பாக்கியோடு வந்திருந்த அருங்காட்சியகப் படிவத்தில் இயக்குநர் ‘போலி’ என்று எழுதி, கண்டறிந்தவர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரை முழுசாக எழுதினார்.

அப்பா இன்னும் சுவரை விட்டு வரவில்லை. “என்னம்மா சொல்றாரு? ரொம்பக் கெட்டுப்போச்சாமா?”

“ஒண்ணும் கெடலப்பா. அம்மா சொன்னதுதான் சரி. அதைக் காட்டணும்னா துடைக்கணும். அம்மாவுக்கு மனசு வரல. நீங்க துடைச்சுக் குடுத்துட்டீங்க.”

அப்பா அவளையே பார்த்தார். புரிந்ததும் அவர் தோள் மெல்ல நிமிர்ந்தது. ஹாலுக்கு நடந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். ஒரு நாற்காலியை அம்மாவின் தலைமாட்டுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“இந்தாடி, கேளு,” என்று நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.