நாற்பது சதவீதக் காது

அரசாங்கத்தின் கணக்கில் செவிடனாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. காது கேட்காவிட்டால் மட்டும் போதாது, நாற்பது சதவீதமாவது கேட்காமல் இருக்க வேண்டும். ஒரு சதவீதம் குறைந்தாலும் உங்களுடையது நல்ல காது. வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்கலாம். நாற்பதைத் தொட்டால்தான் அடையாள அட்டை. அட்டை இருந்தால்தான் மாத உதவித்தொகைக்கு மனுவே போட முடியும். புருஷன் மருதமுத்துவுக்கு வேலை போனதிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி இந்தப் படிப்பைச் சந்திரா படித்து முடித்திருந்தாள்.

மருதமுத்து சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே இத்தனை வருஷமும் நின்றான். அந்த இரைச்சல் அவன் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. ஆனால் கேட் பாஸ் புதுப்பிக்க வருஷா வருஷம் மெடிக்கல் உண்டு. அதில் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டால் கான்ட்ராக்டர் மறுநாளே வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்.

அதனால் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லிக்கொடுத்த வித்தையை அவனும் பழகினான். ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொல்வார்கள். சத்தத்தை யார் கேட்டார்கள்? பட்டனை அமுக்குகிறவரின் தோள் லேசாக அசையும், அசைந்ததும் விரலைத் தூக்க வேண்டியதுதான். இப்படித் தோளைக் கேட்டே காலத்தை ஓட்டினான். கடைசியில் ஒருநாள் பின்னால் வந்த லாரியின் ஹாரன் கேட்காமல் அசையாமல் நின்றதில் குட்டு உடைந்துபோனது. கான்ட்ராக்டர் அவன் தோளில் கைபோட்டு, இனிமேல் வீட்டிலேயே இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவு பாசம் அவருக்கு.

சுரங்க நகரியத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வரும்போது சந்திரா அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து வழியெல்லாம் பாடம் நடத்தினாள். கேட்டால் மட்டும் விரலைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கையை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

முகாமில் ஏற்பாடெல்லாம் பிரமாதம். நடக்க முடியாதவர்களுக்கு மாடியில் பரிசோதனை. காது கேளாதவர்களைக் கீழே மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சந்திராதான் ஓடிப்போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

மெஷினுக்குப் பின்னால் டாக்டர் உட்கார்ந்திருந்தார். எதிரே மருதமுத்து, காதில் ஹெட்போன். டாக்டரின் தோள் அசைந்தது. விரல் மேலே போனது. தோள் மறுபடி அசைந்தது, விரலும் மறுபடி போனது. அவன் எங்கே தூக்கினான், பழகிய கை அதுவாகத் தூக்கிக்கொண்டது.

காது நன்றாகவே கேட்கிறது, லேசான குறைதான், சந்தோஷமாகப் போய் வாருங்கள் என்றார் டாக்டர்.

சந்திராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கே வெகுநாளாக ஒரு சந்தேகம் உண்டு. எதிரே நின்று பேசினால் ஒழுங்காகப் பதில் சொல்கிற மனுஷன், அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. வேண்டியது மட்டும் கேட்கிற காது என்று எத்தனையோ நாள் ஏசியிருக்கிறாள். இப்போது மெஷினும் அதையே சொல்கிறது.

அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "எதுக்குய்யா வெரல தூக்கன?"

அவன் டாக்டரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "அன்ஃபிட்டுன்னு எழுதிட்டா?"

சந்திராவுக்குக் கோபம் அப்படியே அடங்கிப்போனது. டாக்டரிடம் திரும்பினாள். "சார், இவரு ஒங்க தோளப் பாத்துகினு தூக்கறாருங்க. கண்ணக் கட்டிட்டு இன்னொரு வாட்டி பாருங்க."

வரிசை வாசல்வரை நின்றது. டாக்டர் சலித்துக்கொண்டார், ஆனாலும் சரியென்றார். அவள் அவனுடைய துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிவிட்டு, சுவரோரம் போய் நின்றாள்.

டாக்டர் பட்டனை அமுக்கினார். விரல் அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். ஹெட்போனைத் தாண்டி வந்த கீச்சுச் சத்தம் சுவரோரம் நின்ற சந்திராவுக்கே கேட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மருதமுத்து மட்டும் முதுகை நிமிர்த்தி, விரலை முட்டிமேல் தயாராக வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் காத்திருந்தான்.

டாக்டர் மெஷினிலிருந்து கையை எடுத்தார். நாற்பதுக்கு மேலேயே வரும் என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். கேட்டது கிடைத்துவிட்டது. இவ்வளவு நாள் இந்த மனுஷனையா ஏசினோம் என்று நினைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று ஒன்று அந்தப் பக்கமே வரவில்லை.

துண்டுக்குள்ளிருந்து மருதமுத்து கேட்டான்:

"சந்திரா, இன்னும் ஆரம்பிக்கலியா?"