குழாய் மணிக்கு முன்பணம்

“ஏளா ரீனா, சாயங்காலம் ஆறு மணியோட முடிஞ்சிரும். சட்டுனு பணத்தக் கட்டு.” டிக்சன் செல்போனைத் தங்கச்சி முகத்துக்கு நேரே நீட்டினான்.

சங்கு குளிக்கிறவர்களுக்கான மணி ஒன்றின் விளம்பரம் அது. கடலுக்கடியில் இடுப்புப் பொத்தானை அமுக்கினால், காற்றுக் குழாயோடு வரும் ஒயர் வழியே மேலே படகில் மணி அடிக்குமாம். விலை ஆறாயிரத்து ஐந்நூறு. ஆனால் சாமானை இன்னும் செய்யவே இல்லை. ஐந்நூறு பேர் முன்பணம் கட்டினால்தான் செய்யத் தொடங்குவார்கள்.

“சாமானே இல்ல, ரூவாய மட்டும் கேக்கானா?”

“கோயம்புத்தூர்ப் பயலுவ. படிச்சவனுவ. ஏமாத்த மாட்டானுவ.”

“ஏமாத்துறவன்லாம் படிக்காமலா ஏமாத்துதான்?”

உள்ளேயிருந்து ரீனாவின் புருஷன் ஸ்டெபின் சிரித்தான். கடலில் இறங்குகிறவன் அவன்தான். “மச்சான், உங்க தங்கச்சி துறைமுகத்து கிளியரிங் ஆபீசுல கப்பல்காரனையே நிக்க வச்சு பேப்பர் கேக்குறவ. உங்கள விட்டுருவாளா?”

ரீனா சின்ன எழுத்துகளையும் விடாமல் வாசித்தாள். தாமதமானால் பொறுப்பில்லை. செய்ய முடியாமல் போனால் பணம் திரும்ப வரும் என்ற உறுதியும் இல்லை. பணம் போனால் போகட்டும். எங்கே சோதித்துப் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே! அதுதான் அவளை உறுத்தியது. ‘என் வீட்டுக்காரர் பத்து பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துல இறங்குறவர். இத நம்பி இறங்கலாமா?’ என்று அந்தக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கே எழுதிக் கேட்டாள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. உரக்கப் படித்தாள்.

“அக்கா, நீச்சல் குளத்துல மட்டும்தான் சோதிச்சிருக்கோம். கடல்ல இன்னும் பாக்கல. கைக்கு வர எட்டு மாசம் ஆகும், கூடவும் ஆகலாம். மணி வந்தாலும் கயித்த விட்டுராதீங்க.”

“தங்கமான பிள்ள,” என்றாள். “காசு போனாலும் பரவால்லன்னு உள்ளதச் சொல்லுதான் பாருங்க.”

டிக்சன் முகம் செத்துப்போனது. “எட்டு மாசமா?”

“என்னண்ணே அவசரம்? கயிறுதான் உங்க கையில இருக்கே. இவுக இழுத்தா தெரியாதா?”

குளிக்கிறவன் கீழிருந்து இழுத்ததும் அவனை மேலே தூக்கிவிடும் கயிற்றை அவன் மனைவியின் கூடப்பிறந்தவன் பிடிப்பதுதான் இந்தக் கடற்கரை வழக்கம். தங்கச்சி தாலியறுக்க அண்ணன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. பதினோரு வருஷமாக ஸ்டெபினின் கயிறு டிக்சன் கையில்தான் இருந்தது.

அந்தக் கையைத்தான் இப்போது அவன் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரியலளா. போன மாசத்துலேருந்து விரல்லாம் மரத்துக் கிடக்கு. வியாழக்கிழம மாப்ள ரெண்டு தரம் இழுத்திருக்கான். எனக்குத் தெரியவே இல்ல. அவனாத்தான் ஏறி வந்தான்.”

ஸ்டெபின் வெளியே வந்தான். “நீங்க பீடி பத்த வச்சிட்டு இருந்தீங்கன்னுல்லா நெனச்சேன்!”

“அண்ணங்காரன் நான் இருக்க, வேற ஒருத்தன்ட்ட எப்படிக் குடுக்க? மணி வந்துட்டா காதாலயாவது கேட்டுக்கிடலாம்னுதான்...”

ரீனா திட்ட வாயெடுத்தவள், அண்ணனின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். “பணத்தக் கட்டியிருந்தா எட்டு மாசமும் இந்தக் கையோடதான உக்காந்திருப்பீங்க? இன்னைக்கே சொன்னீங்களே, மாதா காப்பாத்துனா.”

“திங்கக்கிழம கடலுக்குப் போகல,” என்றான் ஸ்டெபின். “மொதல்ல கைய டாக்டர்ட்ட காட்டுவோம். கீழவைப்பார்ல இவ சித்தி மவன் செல்வதுரை இருக்கான். அவன் கயித்தப் பிடிக்கட்டும், அவனும் இவளுக்குத் தம்பிதான?”

“அப்ப நான்?”

“எஞ்சினப் பாருங்க. பதினோரு வருசமா மேல ஏத்திவிட்டது நீங்கல்லா? உங்கள விட்டுட்டு எந்தப் படகுல போவேன் மச்சான்?”

டிக்சன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. ரீனா போனை எடுத்து எழுதினாள்.

‘தம்பி, நான் பணம் கட்டல. நீங்க மறைக்காம சொன்னதாலதான் எங்கண்ணனும் மறைக்காம சொன்னாங்க. ரொம்ப நன்றி. கடல்ல சோதிக்கணும்னா தூத்துக்குடிக்கு வாங்க. படகும் எங்களுது, சாப்பாடும் எங்க வீட்டுல.’