டீட்டிகோனுக்கு வந்த கடல்

ஆறு வருடங்களுக்கு முன்பு, ஆடி அமாவாசையன்று காலையில், கடலே இல்லாத இந்தக் குளிர்நாட்டில், டீட்டிகோனுக்குக் கடல் வந்தது. லிம்மாத் ஆற்றங்கரைப் புல்வெளியை மூடி, கறுத்த பாறைகளையும் கூடவே கொண்டுவந்து, தவச்செல்வன் குடியிருக்கும் மாடிக்கட்டடத்தின் கார் நிறுத்தும் இடத்தோடு நின்றுகொண்டது. வரவழைத்தவர் தவச்செல்வன்தான். அவருடைய தகப்பனார் ஊரில், மயிலிட்டியில், மீன்பிடித் தொழிலுக்குப் போய்க் கடலோடு போனவர், உடல் கிடைக்கவில்லை. முப்பது வருடமாக ஆற்றில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவந்த மகனுக்கு அந்த வருடம் மனம் கேட்கவில்லை. கடலில் போனவருக்கு ஆற்றுத்தண்ணீர் எப்படிப் போய்ச் சேரும் என்று ஐயரை நச்சரித்து, கடலை அழைத்து மந்திரம் சொல்ல வைத்தார். ஊரில் பிதிர்க்கடன் செய்யும் கீரிமலைக் கடல் என்று சொல்ல இருவருமே மறந்துவிட்டார்கள். ஆற்றங்கரையில் நின்று கூப்பிட்டால் அந்த ஆறு போய்ச் சேரும் கடல்தானே வரும்? வந்தது வடகடல். எலும்பைக் கடிக்கும் குளிர், ஓயாத புயல்.

கட்டட நிர்வாகம் கடலுக்கும் வீட்டு விதிகளைச் சொன்னது. இரவு பத்துக்குப் பிறகும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது. கடல் கேட்டுக்கொண்டது, அந்த நேரங்களில் அலைகள் ஓசையின்றி உடைந்தன. வந்த வேகத்தில் இந்த நாட்டுக்கு இப்படிப் பழகினவர்கள் எங்களில் மிகக் குறைவு.

தவச்செல்வனின் மகள் ஹரிஷாவுக்குத்தான் கொண்டாட்டம். பக்கத்து ஊரான ஷ்லீரனில் பல்வைத்தியரிடம் உதவியாளராக இருந்த அவள், லீவு கிடைத்தால் மலையேறப் போவதாகச் சொல்லிவிட்டு ஸ்கொட்லாந்தில் அலைச்சறுக்கப் போய்வந்தவள். இப்போது பொய் தேவைப்படவில்லை. வேலை முடிந்ததும் ரப்பர் உடுப்பை மாட்டி, பலகையோடு லிஃப்டில் இறங்குவாள். தாய் பரமேஸ்வரிக்கு இருந்த ஒரே முறைப்பாடு, கட்டடத்தின் பொது உடுப்புத் தோய்க்கும் மெஷினில் மண் சேர்கிறது என்பது. தகப்பனோ கடல் பக்க ஜன்னல்களை இறுக மூடிவிட்டு, மகளோடு கதைப்பதையே விட்டார். தன் தகப்பனை எடுத்த கடல் தன் பிள்ளையையும் எடுத்துவிடும் என்ற பயம் அவரைத் தின்றது. மூன்றாம் வருடம், கடலைத் திருப்பி அனுப்ப அதே ஐயரைக் கூட்டிவந்தார்.

ஹரிஷா சண்டை பிடிக்கவில்லை. "அனுப்ப முதல் ஒருக்கா வந்து பாருங்கோ அப்பா" என்றாள்.

அன்று பெரும்புயல். தவச்செல்வன் குடையோடு கரையில் வந்து நின்றார். இரண்டாம் மாடி உயரத்துக்கு எழும்பிய அலையில் அவள் பலகைமேல் நிமிர்ந்து வந்தாள். தாயின் சாயல், ஆனால் தோள் அவருடைய தகப்பனுடைய தோள். பாறைக்குக் கிட்ட வரும்போது விழுந்து மறைந்தாள். அவர் குடையை எறிந்துவிட்டு, ஊரை விட்ட பிறகு முதல்முறையாகக் கடலுக்குள் இறங்கினார். அவர் இடுப்பளவுக்குப் போவதற்குள், தடக்கி விழுந்த பிள்ளையைத் தூக்கி நிறுத்துவதைப்போல அலை அவளை மேலே தூக்கிப் பலகையில் ஏற்றி, மெதுவாகக் கொண்டுவந்து அவர் கையில் விட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் அழுதார்.

ஐயர் தர்ப்பையோடு கரையில் நடுங்கிக்கொண்டு நின்றார்.

"அனுப்ப வேண்டாம் ஐயா" என்றார் தவச்செல்வன். "அப்பா எங்களோடயே இருக்கட்டும்."

ஐயர் தர்ப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, பரமேஸ்வரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போனார். கடல் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில், அலைகள் சத்தமில்லாமல் உடையும்போது, தவச்செல்வன் கரையில் கதிரை போட்டிருந்து, வேலை, வாடகை, ஹரிஷாவின் கலியாணப் பேச்சு என்று அந்தக் கிழமையின் கதையெல்லாம் சொல்லுவார். கடல் கேட்டுக்கொண்டிருக்கும்.