பதினைந்து சாண்

இரவெல்லாம் பெய்த மழை ஓய்ந்து, கழுவிக் கவிழ்த்த கண்ணாடிக் குவளையென வானம் தெளிந்திருந்த காலை அது. ஆற்றின் குறுக்கே கிடந்த பழம்பாலம் ஊர்திகளை முதுகிற் சுமந்து முனகவும், கடைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கொட்டாவி விட்டுத் திறக்கவும், நகரம் மெல்ல வேலைக்கு எழுந்துகொண்டிருந்தது. நெரிசல் மிக்க தெருவொன்றின் வளைவில், மஞ்சள் வண்ணம் பூசிய பள்ளியின் கீழறையில், ஏழாண்டு நிரம்பாத மழலையர் எல்லாரும் ஒரே வேளையில் வாய்திறந்தால் எழும் ஓசையை, அன்புடையீர், நீவிர் ஒருமுறை கேட்டிருப்பின், அடைமழைக்குப் பின் கத்தும் தவளைகளை அதன்பின் குறைகூற மாட்டீர்.

அவ்வோசையின் நடுவே, தொண்டை கட்டிய குரலோடு நின்றிருந்தாள் அவ்வகுப்பின் ஆசிரியை. அன்றைய பாடம் அளத்தல். அளவுகோலை நிலைப்பேழைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, தன் நீண்ட மேசையைப் பிள்ளைகள் தத்தம் கையாற் சாண்போட்டு அளந்து, கண்ட எண்ணைக் கரும்பலகையில் எழுதவேண்டும் எனப் பணித்திருந்தாள். பெருவிரலும் சிறுவிரலும் விரிய, கம்பளிப் புழுக்கள் ஊர்வதுபோற் பிஞ்சுக் கைகள் மேசைமேல் ஊர்ந்தன. பதினொன்று என்றனர் சிலர். பன்னிரண்டு என்றனர் பலர். அவை தன் மனக்கணக்கோடு ஒத்துவரவே, ஆசிரியை மகிழ்ந்தாள்.

அளத்தல் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இருபொருள் உண்டன்றோ! கையால் அளப்பது ஒன்று. வாயால் அளப்பது மற்றொன்று. பின்னதில் தனக்கு இணையில்லாச் சிறுமி ஒருத்தி அங்கிருந்தாள். வகுப்பிலேயே உருவிற் சிறியவள். களைத்துப்போன முகில் ஒன்று தன் வீட்டு மாடியிற் படுத்துறங்கிப் போனதென்பாள். தன் வீட்டுப் பூனை கதவைத் தட்டிவிட்டே உள்ளே வருமென்பாள். பிடிபட்டாலோ, நகைப்போரினும் மிகுதியாய்த் தானே நகைப்பாள். அதனால் அவளுக்கு ‘அளப்புக்காரி’ என்றே பெயராயிற்று. அடுமனையில் வேலைபார்க்கும் அவள் தாயை ஆசிரியை இருமுறை அழைத்து, பிள்ளையைத் திருத்துமாறு சொல்லியும் இருந்தாள்.

அன்று அளப்புக்காரி தன் முறை வந்ததும் அளந்தாள். குதிகாலை உயர்த்தி, கோணலான எழுத்தில், பதினைந்து என எழுதினாள்.

முன்பற்கள் விழுந்திருந்த சிறுவன் ஒருவன் முதலிற் சிரித்தான். “வழக்கம்போல அளந்துவிடுறா, டீச்சர்” என்றான். வகுப்பே கலகலத்தது. தொண்டை நோவும் பொறுமைக் குறைவும் ஒருசேர வாட்ட, ஆசிரியை துடைப்பானை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

“கணக்குலயுமா கதை விடுவ? போதும்மா, அழிச்சிட்டுப் போய் உட்காரு.”

சிறுமி துடைப்பானைப் பற்றியவாறு நின்றாள். அழிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. காற்றிலாடும் இதழ்போற் கீழுதடு நடுங்க, “உண்மையாவே அளந்தேன்” என்றாள், தனக்கே கேளாத குரலில்.

பொய் பிடிபட்டபோதெல்லாம் சிரித்தவள் இப்போது ஏன் கலங்குகிறாள் என்னும் ஐயம், காலில் தைத்த முள்போல் ஆசிரியையின் நெஞ்சில் நெருடிற்று. மறுபடி அளக்கச் சொன்னாள். மேசையின் ஓரத்தில் தொடங்கிய அச்சிறுகை, விரலிடுக்கின் தோல் வெளுக்குமளவும் விரிந்து விரிந்து நகர, பிள்ளைகள் கேலியாய் உரத்து எண்ணினர். பன்னிரண்டைத் தாண்டியதும் குரல்கள் தணிந்தன. மறுமுனையைக் கை தொட்டபோது பதினைந்து எனச் சொன்னவன் பல்விழுந்த சிறுவன் ஒருவனே.

 ஆசிரியை தன் கையை விரித்துத் தானும் அளந்தாள். எட்டே சாணில் மேசை முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒருவரையொருவர் விழித்து நோக்கினர்.

“அப்ப யாரு டீச்சர் பொய் சொன்னது?” என்றான் அச்சிறுவன்.

“யாரும் சொல்லலப்பா. கைதான் ஆளுக்கு ஆள் வேற. அதை யோசிக்காம நான்தான் அவசரப்பட்டுட்டேன்.” சொன்னவள், சிறுமியின் கண்ணுக்கு நேராகத் தன் கண் வருமாறு மண்டியிட்டாள். “உன்னை நம்பாதது என் தப்பும்மா.”

சிறுமி அவளை நெடிது நோக்கினாள். “பூனை பொய்தான், டீச்சர். ஆனா பதினைந்து உண்மை” என்றாள். முகிலைப் பற்றி ஏதும் சொல்லவில்லை, ஆசிரியையும் கேட்கவில்லை.

அதன்பின் எழுந்த வழக்குக்கு அளவில்லை. எல்லார்க்கும் பொதுவாய் ஒரு கை வேண்டுமென்றனர். அது யார் கையென மோதினர். ஆசிரியையின் கையே பொதுவெனச் சிலர் சொல்ல, “டீச்சர் வீட்டுக்குப் போயிட்டா எதை வச்சு அளக்கறது?” என்று ஒருத்தி மடக்கினாள். முடிவில் அட்டையொன்றைக் கீற்றாக நறுக்கி, அதுவே வகுப்பின் சாணெனத் தீர்த்தனர். முன்னோர் கண்ட பொதுக்கோலை அவ்வறையிற் பிள்ளைகள் தாமே மீளக் கண்டுகொண்டதைப் பார்த்தும், ஆசிரியைக்கு உவகை முழுதாய் எழவில்லை.

மாலையில், சட்டைக் கையில் மாவு படிந்திருக்க, வாயிலில் நின்ற சிறுமியின் தாயை ஆசிரியை அணுகினாள். அவளைக் கண்டதுமே தாயின் முகம் வாடிற்று. “இன்னைக்கு என்ன சொன்னா, டீச்சர்?” என்றாள், திட்டுவாங்க ஆயத்தமான குரலில்.

“உண்மையச் சொன்னாம்மா. நான்தான் நம்பல.”

அத்தாய் மகளின் கையை எடுத்துத் தன் இரு கைக்குள்ளும் பொதிந்துகொண்டு, தலைகுனிந்தவாறே நடந்து போனாள். திரளிடை அவர்கள் மறையுமளவும் ஆசிரியை நோக்கி நின்றாள்.

அன்புடையீர், பெயரொன்றை ஒருவர்மேல் எழுதிவிடுதல் எளிது. எழுதிய பின்போ, அவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை, பெயரையே பார்க்கிறோம். அன்று ஓர் எண் மட்டும் அழியாது தப்பிற்று, சிறுமி ஒருத்தி துடைப்பானைப் பற்றியும் கைதூக்க மறுத்தமையால். அவ்வாறு மறுக்கும் துணிவின்றித் தாம் கண்ட மெய்யைத் தாமே துடைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பிய பிள்ளைகள் எத்தனை பேரோ. அவர் எழுதியது இன்னதென்று இனி அறிவார் யார்?