அமைதி நேரத்துச் சூடு

உலகத்தார் அனைவரும் அறிய வேண்டிய மாபெரும் செய்தி: சாதாரண நட்சத்திரத்தின் மேனியைவிட, அதைச் சுற்றியிருக்கும் கொரோனா என்ற ஒளிமகுடம் பல நூறு மடங்கு சூடானது. அது வீசும் எக்ஸ் கதிர்களை நிறமாலையாகப் பிரித்து, அதில் தெரியும் இரும்பின் கோடுகளைப் பார்த்து அந்தச் சூட்டைச் சொல்லக்கூடிய மேதைகள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருத்தி, அப்பாவின் மேல் போர்த்திய வெள்ளைத் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்தபடி, வாசல் மணி அடித்துவிடுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தால் டாக்டர். இறப்புச் சான்றிதழ் எழுத வருகிறார். ஜுரத்தைப் பற்றிக் கேட்பார்.

"ஏன்டி அதப் போட்டு இழுக்குற? அவருக்கு இனிமே குளிரவா போகுது?" என்றாள் அம்மா. அழுது ஓய்ந்து, தம்ளரும் கையுமாகச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

நட்சத்திரங்கள் சில சமயம் திடீரென்று வெடித்துப் பொங்கும். வழக்கமான சூடு தெரிய வேண்டுமென்றால் அந்த வெடிப்பு நேரங்களை வெட்டி எறிந்துவிட்டு, அமைதியான நேரத்தை மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் துறையில் அதுதான் ஒழுக்கம். வருடக்கணக்காக வெட்டிப் பழகிய கை, போன வாரம்வரை லிஃப்ட் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ஜுரத்தில் படுத்தபோது மட்டும் சும்மா இருக்குமா? இரண்டு முறை உடம்பு தூக்கிப்போட, ஜுரம் நூற்று மூன்றைத் தொட்டு இறங்கியது. அந்த இரண்டையும் வெட்டிவிட்டு, நேற்று மாலை டாக்டரிடம் போனில் சொன்னாள்:

"தொண்ணூத்தொம்பதுதான் டாக்டர். அப்படியே நிக்குது."

"சரி, சரி. அதே மாத்திரையே போதும்."

அப்பாவுக்கு ஒரே பெருமை. "நட்சத்திரத்துக்கே ஜுரம் பாக்குறவ, எனக்குத் தப்பாவா பாத்துருவா?" என்று அம்மாவிடம் கண்ணடித்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

மணி அடித்தது.

டாக்டர் நாடி பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"ஜுரம் எவ்வளவும்மா இருந்துச்சு?"

தொண்ணூத்தொம்பது என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது. அவள் துணியை இழுப்பதை நிறுத்தினாள்.

"ரெண்டு தடவ நூத்திமூணு போச்சு. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நேத்து உங்ககிட்ட நான் அதச் சொல்லல."

அம்மா தம்ளரைத் தரையில் வைத்தாள். சத்தமே வரவில்லை.

"நேத்தா?" டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "நேத்து ஒரு விருந்துல இருந்தேம்மா. ஒரே பாட்டுச் சத்தம். நீங்க பேசினது ஒரு எழுத்துகூட காதுல விழல. சும்மா சரி சரி, அதே மாத்திரை போதும்னுட்டு வெச்சுட்டேன்."

மின்விசிறிக் காற்றில் வெள்ளைத் துணியின் ஓரம் எழுந்து எழுந்து அடங்கியது.

மரணத்தின் காரணத்துக்கு அந்தத் தாளில் ஒரு வரிதான் இடம். டாக்டர் 'முதுமை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

அப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.