பார்த்தவர்களின் பட்டியல்

மீராசாஹிபு ஹாஜியாரின் மகள் கல்யாணத்துக்கு இருநூறு பேருக்கு இனிப்பாக வட்டிலப்பம் செய்ய ஹிமாயாவோடு பேச்சு முடிந்து, அதற்கான கித்துள் கருப்பட்டியும் வந்து இறங்கிய பிறகுதான் வேண்டாம் என்ற செய்தி வந்தது. ஹாஜியாரின் மனைவி சரீபா போனில் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் கேக்கே போதும் என்றுவிட்டார்களாம். ஹிமாயா அதை அப்படியே நம்பினாள். கருப்பட்டி கெட்டுப்போகிற சாமான் இல்லை, அடுத்த கல்யாண வீட்டுக்கு ஆகும் என்று எடுத்து வைத்தாள்.

ஆனால் அந்தக் கிழமைக்குள்ளேயே இன்னும் இரண்டு வீட்டார் வேண்டாம் என்றார்கள். விடியற்காலையில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் வருகிற சனம் பாதியாகக் குறைந்தது. சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில், வீட்டின் முன்னறையையே கடையாக்கி ஏழு வருடம் நடத்துகிறவள் அவள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற சனம் அவளுக்கு அதுவரை பழக்கமில்லை.

செவ்வாய்க்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு நேரே சரீபாவின் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். சரீபா முதலில் மழுப்பினாள். வெயிலைப் பற்றிச் சொன்னாள், பந்தல்காரன் இழுத்தடிப்பதைச் சொன்னாள். ஹிமாயா எழும்பாமல் இருந்ததும், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"குறை நினைக்காத புள்ள. ஒனக்குக் கசம் இருந்ததாமே. குருநாகல்ல இருந்து ஆறு மாசம் மருந்து குடிச்சியாமே. சாப்பாட்டு விசயம், எங்களுக்கும் பயம்தானே."

கசம் என்ற சொல்லைவிட, குருநாகல் என்ற ஊர்ப்பேர்தான் ஹிமாயாவைத் தூக்கிவாரிப் போட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் ஸப்ரி குருநாகலில் ஓர் அரிசி ஆலையில் லொறி ஓட்டினான். அங்கே ஒரு வாடகை அறையில் இருந்தபோதுதான் அவளுக்கு இருமல் தொடங்கியது. காசநோய் என்றார்கள். ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் குளிசை விழுங்கினாள். குணமாகிவிட்டது என்று எழுதித் தந்த பிறகுதான் ஊருக்கு வந்தார்கள். கூடப் பிறந்தவர்களுக்குக்கூட அதை அவள் சொல்லவில்லை. அவளுக்கும் ஸப்ரிக்கும் தெரியும். இந்த ஊரில் மூன்றாவதாக ஒரே ஓர் இடத்துக்குத்தான் தெரியும்.

போன வருடம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளர் விபரங்களையெல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றத் தொடங்கினார்கள். ஆளுக்கொரு இலக்கம், அதற்கொரு அட்டை. நாட்டில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த இலக்கத்தைத் தட்டினால் எல்லாம் வந்துவிடும் என்றார்கள். நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கு அவள் போய்வருகிற கிளினிக்கில் இருந்த இளம் டொக்டர் அவளிடம், முந்தி என்னென்ன வருத்தம் வந்தது என்று கேட்டாள். ஹிமாயா தயங்கினாள். மறைத்தால் உங்களுக்குத்தான் கூடாது என்றாள் டொக்டர். அது நியாயமாகப் பட்டது. காசநோயையும், பென்சிலின் ஒத்துக்கொள்ளாததையும், எல்லாவற்றையும் சொன்னாள்.

சொன்னது வீணாகவும் போகவில்லை. கோமாரியில் ஸப்ரியின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது காலில் முள் ஏறி, சீழ் வைத்து, காய்ச்சலில் தன் பேரே தெரியாத நிலைக்கு வந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஊசியை எடுத்த டொக்டர், அட்டை இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தார். பென்சிலின் இவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று திரையில் சிவப்பு எழுத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற ஸப்ரி அதைக் கண்ணால் கண்டவன். கொம்பியூட்டர் இல்லாவிட்டால் என் பெண்சாதி மவுத்தாகியிருப்பாள் என்று போகிற வருகிற இடமெல்லாம் சொல்லித் திரிந்தவனும் அவன்தான்.

இப்போது அதே கொம்பியூட்டர்தான் அவளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் ஸப்ரி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு ஒரு வழி சொன்னான். குணமாகிவிட்டது என்று டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்குவது, அதைக் கொப்பி எடுத்து ஹாஜியாருக்குக் கொடுப்பது, கடையின் கண்ணாடி அலுமாரியிலும் ஒட்டி வைப்பது.

"ஒட்டமாட்டன்" என்றாள் ஹிமாயா. "ஒருத்தர் களவா எடுத்து ஊருக்குக் காட்டினத, நான் இன்னொருக்கா என்ட கையால காட்டணுமா? இடியப்பம் வாங்க வாற எல்லாருக்கும் என்ட நெஞ்சத் தொறந்து காட்டணுமா?"

அப்படியானால் அதை அழிக்கச் சொல்லிவிடு என்றான் அவன். அதற்கும் மாட்டேன் என்றாள். அழித்த பிறகு கோமாரியில் நடந்தது மாதிரி இன்னொன்று நடந்தால் யார் பதில் சொல்வது? காட்டவும் மாட்டாய், மறைக்கவும் மாட்டாய், பிறகு என்னதான் செய்யப் போகிறாய் என்று ஸப்ரி சத்தம் போட்டான். சம்மாந்துறை ஆலையில் நெல் ஏற்ற வேண்டியிருந்தது. தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் லொறியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் ஹிமாயா ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதிவறையில் வினோஜ் என்ற பாண்டிருப்புப் பொடியன் வேலை செய்தான். அவள் கேட்டதைக் கேட்டதும் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான். ஒரு ஆளுடைய விபரத்தை எவர் திறந்தாலும் பேரும் திகதியும் நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். அதைக் காட்ட அவனுக்கு அதிகாரம் இல்லை. "எழுத்தில கேளுங்க அக்கா. வாயால கேட்டா ஒருத்தரும் தரமாட்டினம்."

அவள் பெரிய டொக்டரின் அறைக்குப் போனாள். அவர் மரியாதையாகத்தான் நடத்தினார். உட்காரக் கதிரை தந்தார். நடந்ததற்கு வருந்துவதாகச் சொன்னார். குணமாகிப் பல வருடமான வருத்தம், அந்த வரி இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, எடுத்துவிடச் சொல்கிறேன் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். இந்தத் திட்டம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றக் கூடியது. இப்படிக் கதைகள் வெளியே போனால் சனம் பயந்து ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடும். பிறகு நட்டம் எல்லோருக்கும்தான்.

ஹிமாயா முழுவதையும் கேட்டாள்.

"டொக்டர், கொம்பியூட்டர் வேணாம் எண்டு சொல்ல நான் வரல்ல. அது என்ட உசிரக் காப்பாத்தினது. அதுல ஒரு வரியையும் அழிக்காதீங்க. யாரு தொறந்து பாத்த எண்டு மட்டும் எழுத்துல தாங்க."

அது உள் விவகாரம், வெளியில் கொடுக்க முடியாது என்றார் அவர்.

"என்ட வருத்தம் ஊருக்கே தெரியலாம். அதப் பாத்த ஆள்ட பேர் எனக்குத் தெரியக்கூடாதா?"

ஹிமாயா எழும்பி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பம் வாங்குகிற அலுவலர் யாரென்று விசாரித்துக்கொண்டு போனாள். படிவம் முடிந்துவிட்டது என்றார் அந்த அலுவலர். வெளியே கடையில் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, விறாந்தை வாங்கிலில் உட்கார்ந்து தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள். கிடைத்தது என்று கையொப்பம் வைத்துத் தருமட்டும் அந்த மேசையை விட்டு அசையவில்லை.

நாலாம் நாள் மீராசாஹிபு ஹாஜியார் வந்தார். பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர். ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்தக் கொம்பியூட்டர்களெல்லாம் எவ்வளவு பாடுபட்டு வந்தன என்று தொடங்கினார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறது நம்முடைய பிள்ளைகள்தான், கடிதத்தைத் திருப்பி எடுத்தால் கடைக்கு எல்லா ஓடரும் பழையபடி வரும்படி தான் பேசித் தருவதாகச் சொன்னார். ஹிமாயா தேத்தண்ணி ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். அவர் கிளாசைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கை நீளவில்லை.

"குடிங்க ஹாஜியார். குடிச்சிட்டு உங்கட பொஞ்சாதிக்கும் போய்ச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு கடிதத்தப் பத்திக் கதைப்பம்."

நோன்பு என்றார் அவர். அது நோன்பு மாதமும் இல்லை. விரும்பியவர்கள் நோன்பு பிடிக்கிற திங்களோ வியாழனோகூட இல்லை. ஹிமாயா வாசல் வரை வந்து ஸலாம் சொல்லி அனுப்பிவைத்தாள்.

அந்த நாட்களில் அவள் ஒரு நாள்கூடக் கடையைப் பூட்டவில்லை. சுபஹு தொழுதுவிட்டு வழக்கம்போல அடுப்பை மூட்டினாள். அவித்த பிட்டு மிஞ்சியது. மிஞ்சியதை வீட்டில் தின்றார்கள், கோழிக்குப் போட்டார்கள். கதவு மட்டும் திறந்தே இருந்தது. இரவில் நித்திரை வராமல் எழும்பி அடுத்த நாளுக்கு அரிசி ஊறப்போட்டாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கோமாரிக்கே போய்விடலாமா என்றும் ஒரு நாள் நினைத்தாள். அடுத்த நாளும் மாவைக் குழைத்தாள்.

பதிலுக்குச் சட்டம் தந்த பதினான்கு வேலை நாள் தவணை முடிந்த மறுநாள் காலை அந்தத் தகவல் அலுவலரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். பின்னேரம் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆறு வரி. நாலு, அவள் கிளினிக்குக்குப் போன நாட்கள். ஒன்று, கோமாரியில் விழுந்து கிடந்த நாள். ஆறாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்று இருபது. ஞாயிற்றுக்கிழமையில் கிளினிக்கே இல்லை.

அந்த வரியில் இருந்தது ஒரு தாதியின் பேர். ஆனால் அந்தத் தாதி அன்றைக்கு லீவில் பதுளையில் நின்றாள். அவளுடைய பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார்கள். வந்தவர் போனவரெல்லாம் அதைத்தான் தட்டினார்கள். அந்தத் தாளை இணைத்து ஹிமாயா முறைப்பாடு எழுதிக் கொடுத்து, விசாரணை என்று வந்தபோது, அன்று அந்த அறையில் வேலை செய்தது றிபா என்று தெரிந்தது. விபரம் ஏற்றுகிற வேலைக்கு எடுத்த பிள்ளை, சரீபாவின் தங்கை மகள். ஹிமாயாவைக் கிளினிக் வரிசையில் கண்ட சரீபா, சாப்பாட்டு ஓடர் கொடுத்திருக்கிறோம், அவளுக்கு என்ன வருத்தம் என்று பார்த்துச் சொல் என்று கேட்டிருக்கிறாள். றிபா பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு மாலையில் றிபா தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்தாள். இருபத்திமூன்று வயதிருக்கும். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. முறைப்பாட்டை வாபஸ் வாங்கினால்தான் வேலை மிஞ்சும் என்று உம்மாக்காரி கையைப் பிடித்தாள். ஸப்ரியும் அன்று வீட்டில்தான் இருந்தான். ஹிமாயாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. றிபாவை இருக்கச் சொன்னாள்.

"என்ட விபரத்த முழுக்கப் பாத்தியா புள்ள?"

"பாத்தன் ராத்தா."

"கடைசியில என்ன எழுதிக் கிடந்த?"

"முழுசாக் குணமாகிட்டு எண்டு."

"அதையும் பெரியம்மாக்கிட்டச் சொன்னியா?"

றிபா தலையைக் குனிந்தாள். கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றாள்.

ஹிமாயா கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "ஒன்ன நான் மன்னிச்சிட்டன். அல்லாஹ்வுக்காகத்தான் சொல்றன், மனசுல ஒண்டும் வெச்சுக்கல்ல. ஆனா முறைப்பாட்ட வாபஸ் வாங்கமாட்டன். அந்தத் துண்டு அங்க ஒட்டிக் கிடக்குமட்டும், நாளைக்கு ஒன்ட விபரத்தையும் எவளாவது தொறந்து பாப்பாள்."

உம்மாக்காரி கோபித்துக்கொண்டு எழும்பினாள். ஸப்ரி ஏதாவது சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தாள். அவன், "அவ சொன்னதுதான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஹிமாயாவுக்கு அது போதுமாக இருந்தது.

றிபாவின் வேலை போகவில்லை. பதிவறையிலிருந்து மருந்துக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். துண்டைக் கிழித்தெறிந்து, ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுத்தார்கள். பெரிய டொக்டர் ஒரு கடிதத்தில் வருத்தம் தெரிவித்தார். ஹாஜியார் வீட்டுக் கல்யாணம் கேக்கோடு நடந்து முடிந்தது. சரீபா இன்றைக்கும் அந்த ஒழுங்கையால் வருவதில்லை. கடைக்குச் சனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, எல்லோரும் இல்லை. திரும்பாதவர்களின் பேரை ஹிமாயா மனதில் வைத்துக்கொள்ளவில்லை. மருதமுனையிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் முன்பின் தெரியாத இரண்டொரு பெண்கள் வந்து, யார் பார்த்தார்கள் என்று கேட்கும் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கேட்டுப் போனார்கள்.

அடுத்த கிளினிக் நாளில் அதே இளம் டொக்டர்தான் இருந்தாள். நடந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்திருந்தது. புதிதாக ஏதும் வருத்தம் இருக்கிறதா என்று கேட்டபோது அவள் குரலில் ஒரு தயக்கம் இருந்தது. இரண்டு மாதமாக இரவில் நித்திரை வருவதில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஹிமாயா ஒன்றுவிடாமல் சொன்னாள். இதையும் பதியவா என்று டொக்டர் கேட்டாள்.

"ஓம், பதியுங்க" என்றாள் ஹிமாயா.

மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு நேரே தகவல் அலுவலரின் மேசைக்குப் போனாள். கடைசியாகத் தந்த பட்டியலுக்குப் பிறகு தன் விபரத்தைத் திறந்தவர்கள் யார் யார் என்று கேட்கும் கடிதத்தை வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தாள்.