முனாஸ் உபயத்தில் இரண்டு நட்சத்திரம்

முனாஸ் முதலாளிக்கு நான் கொடுக்க வேண்டியது முப்பத்தெட்டாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். மகள் யசோதினிக்கு லெப்டொப் வாங்கிய கடனில் மிச்சம். அவருடைய மிளகுக் கடையில்தான் மூட்டை தூக்குகிறேன். முதுகு பிடித்துக்கொண்டு மூன்று மாதமாக அதுவும் இல்லை. ஞாயிறு காலை, அலவத்துகொடயிலிருந்து மஹியாவைக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார், கணக்குக் கொப்பியோடு.

“காசு இல்லாட்டி மிசினத் தாங்க, இராமநாதன்.”

யசோதினி லெப்டொப்பை மடியோடு அணைத்துக்கொண்டாள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்கிறவள். கண்டுபிடித்ததைக் கட்டுரையாக எழுதிப் பின்னேரத்துக்குள் அனுப்பாவிட்டால் வேறு யாரோ முந்திவிடுவார்களாம்.

“என்னத்தக் கண்டுபுடிச்ச, மகள்?” என்றார் முதலாளி.

“பக்கத்து நட்சத்திர மண்டலம் ரெண்டுல, ஒண்ணொண்ணுலயும் ஒரு செத்த நட்சத்திரம் அங்கிள். கண்டி டவுன் அளவுதான். ஆனா கூட இருக்கிற நட்சத்திரத்தத் தின்னுக்கிட்டு, அளவுக்கு மீறி எக்ஸ்ரே கக்குது. இவ்வளவு பிரகாசம்னா கருந்துளையாத்தான் இருக்கும்னு நெனச்சிருந்தாங்க. ஆனா பாருங்க, துடிக்குது. கருந்துளை இப்படித் துடிக்காது. இது பல்சார்.”

திரையில் ஒரு கோடு ஒரே சீராக ஏறி இறங்கிக் கிடந்தது.

“இந்த வெளிச்சம் எப்ப வெளிக்கிட்டது?” என்று கேட்டேன்.

“ஒரு கோடி வருசத்துக்கு முந்தி.”

“பாத்தீங்களா மொதலாளி, அதுவே ஒரு கோடி வருசம் கழிச்சுத்தான் வந்து சேருது. நா மூணு மாசந்தான் பிந்தினேன்.”

“வாய் மட்டும் ஒங்களுக்கு வலிக்கல்ல!” என்று லெப்டொப்பில் கை வைத்தார்.

எனக்குக் கோயில் டியூப் லைட் ஞாபகம் வந்தது. பாதி வெளிச்சம், பாதி உபயகாரர் பெயர்.

“மகளே, ஒதவுனவங்க பேரு போட அதுல எடமிருக்கா?”

“கடைசியில நன்றின்னு ஒரு பந்தி இருக்குப்பா.”

முதலாளியின் கை நின்றது. பள்ளிவாசலுக்கு அவர் கொடுத்த மணிக்கூட்டில் முள்ளைவிடப் பெயர்தான் பெரிது.

“எண்ட பேர் வருமா? ஒலகம் பூரா பாக்குமா?”

“வரும் அங்கிள். நீங்க காசு தராட்டி இது ஏது?”

“கட போன் நம்பர்?”

“அது போட ஏலாது.”

“அப்ப கடன்ல அரைவாசிதான் வெட்டுவன்.”

“அலவத்துகொடன்னு ஊரு போடலாம்.”

ஒரு மூட்டை மிளகை எடை பார்க்கிற அளவு நேரம் யோசித்தார். பிறகு கொப்பியை விரித்து, என் கணக்கிருந்த பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரே கோடாக இழுத்தார். கண்ணாடியை மாட்டி, திரையில் மூக்கு முட்டக் குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். யசோதினி தட்டத் தட்ட, இரண்டு நட்சத்திரங்களுக்கும் கீழே, முனாஸ் மெல்ல உதித்துக்கொண்டிருந்தார்.